கீழ இருக்கான்

வையுங்க சார், வையுங்க. அது வெறும் தாம்பூலப் பை. ஒரு தேங்காயும் ரெண்டு பழமும்தான். ஓரமாத் தள்ளிட்டு உங்க பைய வச்சிக்கிடுங்க. மடியில எதுக்கு? திருநெல்வேலி போறவரைக்கும் மடியிலயே வச்சிக்கிட்டு வருவீங்களா? பஸ்ஸுல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான். மூட்டை, கோழி, சைக்கிள் டயர், எல்லாம் ஏறும். நான் பிளேன்லயும் போயிருக்கேன் சார், நாலு தடவ. அங்க இப்படிக் கிடையாது. அங்க விதி இருக்கு.

கல்யாணத்துக்குப் போயிட்டு வாரேன். கோட்டவிளையில. சொந்தமெல்லாம் இல்ல. ஆனா மாப்பிள்ளை வீட்டுல இன்னைக்கு என்னைய விட முக்கியமான ஆளு கிடையாது. முத வரிசையில நாற்காலி. மைக்ல பேசச் சொன்னாங்க. பேசிட்டுத்தான் வாரேன். காலையில ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன்.

என் பேரு நெல்லைநாயகம். முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். கடை கடையாப் போயி தராசு சரியா இருக்கா, எடைக்கல்லு சரியா இருக்கான்னு பாத்து முத்திரை குத்துத வேலை. முப்பத்திரெண்டு வருசம். ஒரு கிராம் கொறஞ்சாலும் விட மாட்டேன். ‘நாயகம் சார் வாராரு’ன்னா பஜார்ல பாதிக் கடை சாத்திருக்கும். பெருமைக்குச் சொல்லல. விதின்னு ஒண்ணு இருந்தா எல்லாருக்கும் அதுதான். அவ்வளவுதான் நான் சொல்லுதது.

இது நடந்து மூணு வருசமாச்சு. என் மகன் மஸ்கட்ல இருக்கான். நானும் என் வீட்டம்மா வடிவும் போயி ரெண்டு மாசம் இருந்துட்டு ஆடி மாசம் திரும்பி வாரோம். மஸ்கட்ல இருந்து திருவனந்தபுரம். மத்தியானப் பிளேன். கையில கொண்டுபோற பை ஆளுக்கு ஒண்ணுதான், ஏழு கிலோ. நீளம் அம்பத்தஞ்சு சென்டிமீட்டர், அகலம் நாப்பது, கனம் இருபது. டிக்கெட்டுலயே போட்டிருக்கான். எத்தன பேரு படிக்கான்? நான் படிச்சேன். வீட்டுல வச்சே கொக்கித் தராசுல தூக்கிப் பாத்தாச்சு. என் பை ஆறு கிலோ தொள்ளாயிரம். வடிவோட பை ஆறு எண்ணூறு. அதுபோக ஏர்போர்ட் கடையில வாங்குன சாக்லேட் கவர் ஒண்ணு. அது கணக்குல வராது சார், அது கவர்.

எங்களுக்கு பன்னெண்டாம் வரிசை. உள்ள போயி மேல இருக்க கதவத் தொறந்தா, ஒரு பை உக்காந்திருக்கு. சிவப்பும் கறுப்புமா, குறுக்க நைலான் கயிறு போட்டுக் கட்டுன பை. பாதி எடத்த அடைச்சிக்கிட்டு. முன்னாடி பாக்கேன், பின்னாடி பாக்கேன், எல்லாம் நெறஞ்சு கிடக்கு. பின்னால சனங்க ஏறி வந்து முட்டுதாங்க. எப்படி இருக்கும் உங்களுக்கு? நேரத்துக்கு வந்தவன் நான். அளந்து கொண்டுவந்தவன் நான்.

“இது யாரு பை?”ன்னு சத்தம் போட்டேன். விமானப் பணிப்பொண்ணக் கூப்பிட்டேன். அந்தப் பொண்ணு எந்த நாடோ தெரியல. தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது, இங்கிலீஷ்தான். எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும் சார், கோர்ட்டுலயெல்லாம் சாட்சி சொல்லிருக்கேன். அவ சிரிச்சிக்கிட்டே, மேல உள்ள எடம் எல்லாருக்கும் பொதுதான், உங்க பைய வேற எடத்துல வச்சித் தாரேன்னா. நான் விடல. இந்தப் பையோட சொந்தக்காரன் எந்த வரிசைன்னு கேளு, அவன் தலைக்கு மேல வைக்காம எங்க தலைக்கு மேல ஏன் வச்சான்னு கேளுன்னேன். அது விதியில இல்லதான். ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா?

அப்பத்தான் பின்னால இருந்து ஒருத்தன் ஆள வெலக்கிட்டு ஓடி வாரான். இருபத்தேழாம் வரிசையில இருந்து. முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். கறுத்து, மெலிஞ்சு, நாலு நாள் தாடி. கண்ணு ரெண்டும் தூக்கமில்லாம செவந்து கிடக்கு. நான் குடிகாரன்னு நினைச்சேன் சார். உள்ளதச் சொல்லுதேன்.

“ஐயா, பின்னால எடமில்லய்யா. இங்க இருந்துட்டுப் போகட்டும்யா. நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்”ங்கான்.

தமிழ்னு தெரிஞ்சதும் எனக்கு இன்னும் கோவம். நம்ம ஆளுகளாலதான நமக்குக் கெட்ட பேரு. நான் சட்டைப் பையில இருந்து டேப்ப எடுத்தேன். எப்பவும் ஒண்ணு இருக்கும், பழக்கதோசம். பைய அளந்தேன். கனம் இருபத்தினாலு. நாலு சென்டிமீட்டர் கூட. அந்தப் பொண்ணுகிட்ட டேப்பக் காமிச்சேன். அவளுக்கு வேற வழியில்ல. அளவு கூடுன பைன்னா சீட்டு கட்டி கீழ சரக்கு எடத்துலதான் போடணும், எறங்குன பெறகு வாங்கிக்கிடலாம்னா. சரியாத்தான சொன்னா?

அவன் என்ன செஞ்சான் தெரியுமா? பைய இழுத்து நெஞ்சோட கட்டிப் பிடிச்சிக்கிட்டான். குழந்தையத் தூக்குத மாதிரி. “தரமாட்டேன், கைய விட்டு எறக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க”ங்கான். அவளுக்கு ஒண்ணும் புரியல. இன்னொருத்தரும் வந்துட்டாரு, ஏர்போர்ட் ஆபீசர், கையில வயர்லெஸ். பிளேன் கெளம்ப நேரமாச்சு. எல்லாரும் எட்டி எட்டிப் பாக்காங்க. அந்த ஆபீசர் என்னப் பாத்து, நீங்க இவரு பேசுதது புரிஞ்சிக்கிடுவீங்களா, என்ன சொல்லுதாருன்னு சொல்லுங்கன்னாரு.

அவன் என்னப் பாத்தான். இங்கிலீஷ் பேசுத ஆளு ஒருத்தர் கிடைச்சிட்டாருன்னு அவன் முகத்துல ஒரு தெம்பு வந்துச்சு சார். அத நான் பாத்தேன்.

“ஐயா, எந்தம்பி கீழ இருக்கான்யா. நான் அவன்கூடத்தான் போகணும். இந்தப் பை எங்கூடத்தான் இருக்கணும். நீங்க சொல்லுங்கய்யா இவங்ககிட்ட.”

நான் சொன்னேன். ஒரு எழுத்து மாத்தல. “ஹிஸ் பிரதர் இஸ் டவுன் தேர். ஹி ஹாஸ் டு கோ வித் ஹிம்.” சரியா இருக்கா பாருங்க. தம்பி கீழ இருக்கான், இவன் அவன்கூடப் போகணும். இதுல எங்க தப்பு? எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் கேளுங்க.

ஏர்போர்ட்டுல கீழ, வழியனுப்ப வந்த தம்பி ஒருத்தன் நிக்கான்னு நான் நினைச்சேன். ஆபீசரும் அதத்தான் நினைச்சாரு. அப்ப இவரு எறங்கணும்ங்காரான்னு கேட்டாரு. ஆமா, அவன்கூடப் போகணும்ங்கான்னு சொன்னேன். ஆபீசருக்கு நிம்மதி. வேற பெட்டி ஏதும் போட்டிருக்காரான்னு பாத்தாரு, இல்ல. வாங்கன்னு கையக் காட்டினாரு.

அவனும் கெளம்பிட்டான் சார்! பைய நெஞ்சுல அணைச்சிக்கிட்டு. ரெண்டு எட்டு வச்சவன் திரும்பினான். பை கையில இருக்குல்லா, கும்பிட முடியல. தலைய மட்டும் எனக்குத் தாழ்த்தினான். நல்லாத் தாழ்த்தினான். பெறகு போயிட்டான்.

வடிவு என் சட்டைக் கையப் பிடிச்சு இழுத்தா. என்னமோ சொன்னா. எஞ்சின் சத்தத்துல காதுல விழல.

கதவச் சாத்திட்டாங்க. மேல எடம் காலியாச்சு. என் பை, வடிவு பை, சாக்லேட் கவர், எல்லாம் அழகா உக்காந்துச்சு. மூணரை மணி நேரம். நான் காலை நல்லா நீட்டிக்கிட்டு உக்காந்தேன். பிரியாணி குடுத்தாங்க. வடிவு சாப்பிடல. அவளுக்குப் பிளேன் ஒத்துக்கிடாது. அவளதயும் நான் சாப்பிட்டேன், வீணாப் போகக் கூடாதுல்லா. கொஞ்சம் தூங்கவும் செஞ்சேன். குறட்டை விட்டேனாம்.

திருவனந்தபுரத்துல எறங்கி, பெட்டியெல்லாம் எடுத்து வண்டியில வச்சித் தள்ளிக்கிட்டு வெளிய வாரோம். கம்பிக்கு அந்தப் பக்கம் சனங்க நிக்காங்க. அதுல ஒரு பொம்பள. நாப்பது வயசு இருக்கும். கூட ரெண்டு ஆம்பளைங்க. வாரவங்க போறவங்க கிட்டயெல்லாம் போனக் காமிச்சிக் கேட்டுக்கிட்டு நிக்கா. எங்கிட்டயும் வந்தா.

“ஐயா, மஸ்கட் பிளேன்லயா வந்தீங்க? இவனப் பாத்தீங்களா?”

போன்ல ஒரு போட்டோ. ரெண்டு பேரு தோள்ல கை போட்டுக்கிட்டு சிரிக்காங்க. ஒருத்தன் அவன். இன்னொருத்தன் அவன விடச் சின்னவன், அதே மூக்கு, அதே பல்லு.

“ரெண்டு பேரும் இதுலதான்யா வரணும். சின்னவன் பெட்டியில வாரான். தூக்கத்துலயே போயிட்டான்யா, இருபத்தாறு வயசு. பெரியவன்தான் கூட இருந்து கொண்டுவாரான். பேப்பரெல்லாம் அவன் கையிலதான் இருக்கு. ஏறிட்டேன்னு போன் பண்ணினான். எல்லாரும் வந்துட்டாங்க, அவனக் காணும். பெட்டி வந்துருச்சுங்காங்க, பேப்பர் இல்லாமத் தரமாட்டோம்ங்காங்க. நாங்க கோட்டவிளையில இருந்து வந்திருக்கோம்யா, திசையன்விளைப் பக்கம். அம்மை வீட்டுல விழுந்து கிடக்கா. நீங்க பாத்தீங்களாய்யா?”

சார், அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. கீழன்னா எந்தக் கீழன்னு.

என் காலுக்குக் கீழ. மூணரை மணி நேரம் நான் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்லா, அதுக்கு நேர கீழ.

“பாக்கலையேம்மா”ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வண்டியத் தள்ளிக்கிட்டு வந்துட்டேன். வண்டிச் சக்கரம் ஒண்ணு மட்டும் கீச்சு கீச்சுன்னு சத்தம் போட்டுக்கிட்டே வந்துச்சு. அந்தப் பொம்பள அடுத்த ஆளுகிட்டப் போனக் காமிச்சா.

நீங்களே சொல்லுங்க, அவன் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா? பிரேதம்னு சொல்லிருக்கலாம். செத்துட்டான்னு சொல்லிருக்கலாம். தம்பி கீழ இருக்கான்னா யாருக்குப் புரியும்? அன்னைக்குப் பூரா நான் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், மனசுக்குள்ள. கார்ல ஏறினோம். நாகர்கோவில் தாண்டியாச்சு. வள்ளியூர் வந்தாச்சு, டிரைவர் டீ குடிக்க நிறுத்தினான். அப்ப வடிவு வெளிய பாத்துக்கிட்டே சொன்னா, “நான் சொன்னேன்லா.”

சார், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லிருதேன். எஞ்சின் சத்தம்னு சொன்னேன்லா. எஞ்சின் அப்ப போடவே இல்ல. கதவு தொறந்துதான் கிடந்துச்சு. வடிவு சொன்னது எனக்கு நல்லாக் காதுல விழுந்துச்சு. “ஏங்க, சன்னல்ல பாத்தேன், ஒரு நீளப் பெட்டி ஏத்தினாங்க. கீழன்னு அவன் அதச் சொல்லுதானோ என்னவோ, கேளுங்களேன்”னா. நான், “சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது”ன்னேன். அவன் படியில எறங்கியிருக்கக்கூட மாட்டான். அதுக்குப் பெறகு பத்து நிமிசம் கதவு தொறந்து கிடந்துச்சு. பத்து நிமிசம். என் வாச்சுல பாத்துக்கிட்டேதான் இருந்தேன், எப்பக் கெளம்புவான்னு.

எதுக்குக் கேக்கலன்னு நீங்க கேக்கல. ஆனா கேக்கணும்னு தோணும். எங்கிட்ட பதில் இருக்கு. மேல எடம் காலியாயிருந்துச்சு. அதான் பதில்.

அதுக்குப் பெறகு எனக்கு ஒரு வியாதி வந்துச்சு. டாக்டர்கிட்டச் சொன்னா சிரிப்பாரு. நாங்க இருக்கது மாடி வீடு. பால்காரன் சத்தம் குடுப்பான், “சார், கீழ இருக்கேன்.” மக வயித்துப் பேரன் போன் பண்ணுவான், “தாத்தா, கீழ நிக்கேன், கதவத் தொற.” வெளிய எட்டிப் பாப்பேன், பால்காரன்தான் நிப்பான், பேரன்தான் நிப்பான். ஆனா தரையில காலை வைக்கப் பயம். நாற்காலியில உக்காந்தா காலை மடக்கி மேல வச்சிக்கிடுதேன். வடிவு பாப்பா, ஒண்ணும் கேக்க மாட்டா. முட்டி வலின்னு சொல்லி அவ அதுக்குப் பெறகு மஸ்கட்டுக்கும் வரல. மகன் ரெண்டு தடவ டிக்கெட் போட்டான். முட்டி வலியாத்தான் இருக்கும்.

எட்டு மாசம் கழிச்சு ஒருநாள், திசையன்விளை பஸ்ஸுல ஏறிட்டேன். சொல்லிட்டு வந்துருவோம்னு. வடிவுகிட்டச் சொன்னேன், போயிட்டு வாங்கன்னா. விசாரிச்சு வீட்டக் கண்டுபிடிச்சேன். தென்ன ஓலை வேஞ்ச ஒரு மோட்டார் ரிப்பேர் கடை, பக்கத்துல ஓட்டு வீடு. அவன்தான் வாசல்ல மோட்டார் ஒண்ணப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். பேரு இசக்கிராஜ். என்னப் பாத்தான். எந்திரிச்சான். கையெல்லாம் கிரீஸ்.

நான் அடி விழும்னு நினைச்சேன் சார். விழட்டும்னுதான் போனேன்.

அவன் ஓடிவந்து என் ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டு அழுதான். “ஐயா! நீங்களா? அக்கா, ஓடியா, பிளேன்ல எனக்காகப் பேசின ஐயா வந்திருக்காரு!”

அவங்க அக்கா வந்தா. போனக் காமிச்ச அதே பொம்பள, சந்தனமாரின்னு பேரு. ஆனா அவளுக்கு என்ன அடையாளம் தெரியல. அன்னைக்கு எத்தன பேருகிட்டக் கேட்டிருப்பா, எத்தன பேரு இல்லன்னு சொல்லிருப்பாங்க!

இசக்கிராஜ் எப்படி நினைச்சிருக்கான்னா, நான் அந்த ஆபீசர்கிட்டப் பேசி, அவன அவன் தம்பி பெட்டிகிட்டயே கூட்டிட்டுப் போக ஏற்பாடு பண்ணிட்டேன்னு நினைச்சிருக்கான். அதான் எறங்கிப் போனான். அதான் தலையத் தாழ்த்தினான். படியெறங்கி பிளேன் அடிவயித்துப் பக்கம் திரும்பப் போனானாம், அவங்க பஸ்ஸுல ஏத்தினாங்களாம். பஸ்ஸு அங்கதான் சுத்திப் போகும்னு நினைச்சு உக்காந்திருக்கான். ஏர்போர்ட் உள்ள கொண்டுபோயி விட்டுட்டு, உன் தம்பி எங்கன்னு கேட்டாங்களாம். இவன் கண்ணாடி வழியா பிளேனக் காட்டினானாம். அது அப்ப நகந்துக்கிட்டு இருந்துச்சாம்.

“ஏமாத்திட்டாங்கய்யா. நீங்க அவ்வளவு எடுத்துச் சொல்லியும் ஏமாத்திட்டாங்க”ங்கான்.

மூணாம் நாள்தான் அவனுக்கு வேற பிளேன்ல எடம் கிடைச்சிருக்கு. அதுவரைக்கும் அவன் தம்பி, சுயம்புன்னு பேரு, இங்க திருவனந்தபுரத்துல பெட்டியிலயே கிடந்திருக்கான். சரக்கு ஆபீஸ்ல உள்ளவங்க மேலயும் தப்பில்ல, பேப்பர் இல்லாம எப்படிக் குடுப்பாங்க? வீடு வந்து சேந்தப்போ, தொறக்க வேண்டாம்னுட்டாங்களாம். அவங்க அம்மைக்கு முகத்தக் காட்டல. பெட்டியோட கொண்டுபோயிட்டாங்க.

அந்தப் பைய எனக்குக் காமிச்சான். பேப்பர், தம்பியோட ரெண்டு சட்டை, ஒரு செருப்பு, பெறகு ரத்த அழுத்தம் பாக்குத மெஷின் ஒண்ணு, அட்டைப் பெட்டிகூடப் பிரிக்கல. அம்மைக்குன்னு சுயம்பு வாங்கி வச்சிருந்தது. அந்தப் பெட்டியாலதான் பை புடைச்சிருக்கு. நாலு சென்டிமீட்டர். நான் கண்ணாலயே அளந்துட்டேன். வேண்டாம்னு நினைச்சாலும் கண்ணு அளக்குது சார், என்ன செய்ய?

சோறு போட்டாங்க. சாப்பிட்டேன். வந்துட்டேன். வடிவு வாசல்ல நின்னா. “சொல்லிட்டீங்களா?”ன்னா. “அவன் ரொம்ப உடைஞ்சு போயிருக்கான், இப்பச் சொன்னா தாங்க மாட்டான்”னேன். “சரி”ன்னா.

பெறகு மாசத்துக்கு ஒரு தடவ அவன் போன் பண்ணுவான். பொங்கலுக்குப் பனங்கெழங்கு கொண்டுவருவான். ஊர்ல ஏதாச்சும் வழக்குன்னா, “நாயகம் ஐயாகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்”பான். ரெண்டு வருசமும் ஆடியில சுயம்பு நெனப்பு நாளுக்குப் போயி உக்காந்திருக்கேன். ஐயா வந்தாச்சா, ஐயாவுக்கு எல போடுன்னு அந்தத் தெருவே சொல்லும். ஒவ்வொரு தடவயும் வடிவு கேப்பா. ஒவ்வொரு தடவயும் ஒரு காரணம் இருக்கும். போன வருசம் அவ சொன்னா, “அவன் தாங்க மாட்டான்னு நீங்க சொல்லாம இருக்கல. அங்க போனா ஐயான்னு கூப்பிடுதாங்க. அது உங்களுக்குப் பிடிச்சிருக்கு.” என்ன வார்த்தை பாத்தீங்களா? நாப்பது வருசம் கூட இருந்தவ சொல்லுத வார்த்தையா?

இப்ப அவனுக்குக் கல்யாணம். ஒரு வாரத்துக்கு முன்னாடி போன் பண்ணினான். “ஐயா, பந்தல்ல மைக் இருக்கு. நீங்க பேசணும். தம்பிய அநாதையா அனுப்பிட்டு இவன் அங்கயே நின்னுட்டான்னு ஊர்ல சிலரு இன்னும் சொல்லுதாங்கய்யா. பொண்ணு வீட்டுக்காரங்க காதுக்கும் போயிருக்கு. அன்னைக்கு நான் எப்படி மல்லுக்கட்டினேன்னு பாத்தது நீங்கதான். உங்க வாயால சொல்லிட்டா போதும்”னான்.

இனிமே முடியாதுன்னு முடிவு பண்ணினேன் சார். நேத்து மத்தியானமே போயிட்டேன். அவன்கிட்டச் சொல்ல தைரியம் இல்ல. அவங்க அம்மைகிட்டச் சொல்லிருவோம்னு. செல்லக்கனின்னு பேரு. அதிகம் பேச மாட்டாங்க. வீட்டுக்குப் பின்னால தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்து வாழைக்காய் சீவிக்கிட்டு இருந்தாங்க. நானும் பக்கத்துல ஒரு கல்லுல உக்காந்தேன். சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். டேப்ப வச்சு அளந்தது, இங்கிலீஷ்ல சொன்னது, வடிவு சொன்னது, நான் சும்மா இருன்னது, பத்து நிமிசம், பிரியாணி, ஏர்போர்ட்டுல அவங்க மககிட்டப் பாக்கலைன்னு சொன்னது. ஒண்ணையும் விடல.

அவங்க கத்தியக் கீழ வைக்கல. சீவிக்கிட்டே கேட்டாங்க. முடிச்சதும் தொட்டியில கையக் கழுவினாங்க. முந்தானையில தொடைச்சாங்க.

“இத எம்புள்ளகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இல்லம்மா. உங்ககிட்டத்தான் மொதல்ல.”

“சொல்லக் கூடாது.”

“அம்மா...”

“அவன் உங்கமேல கோவப்பட மாட்டான். அவன எனக்குத் தெரியும். நாம சரியாச் சொல்லலையே, செத்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா எறக்கிவிட்டிருக்க மாட்டாங்களேன்னு அவன்மேலயே போட்டுக்கிடுவான். நான் சொன்ன சொல்லுதான் எந்தம்பிய மூணு நாள் பெட்டியிலயே போட்டுச்சுன்னு நினைப்பான். ஆறு மாசம் இந்தத் தொட்டிகிட்டயே உக்காந்து கிடந்தான்யா. கயித்த எங்க வச்சாலும் நான் எடுத்து ஒளிச்சு வச்சேன். ஒருத்தராவது நமக்காகப் பேசினாரேம்மான்னு சொல்லிச் சொல்லித்தான் எந்திரிச்சு வந்தான். ஒரு புள்ள போயிட்டான். இவனையும் நீங்க கேக்குதீங்களா?”

நான் கல்லுல இருந்து எந்திரிச்சேன்.

“நாளைக்கு மைக்ல பேசுங்க. அவன் என்ன கேட்டானோ அதப் பேசுங்க. நல்லாப் பேசுங்க.”

“என்னால முடியாதும்மா.”

“முடியும். எம் மககிட்டப் பாக்கலைன்னு சொல்ல முடிஞ்சிச்சுல்லா?”

சத்தமாச் சொல்லல சார். திட்டுத மாதிரிகூடச் சொல்லல. வாழைக்காய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

இன்னைக்குக் காலையில பேசினேன். முகூர்த்தம் முடிஞ்சு, மாலையும் கழுத்துமா ரெண்டு பேரும் நிக்காங்க. மைக்கக் குடுத்தாங்க. அன்னைக்குப் பிளேன்ல இசக்கிராஜ் தம்பிக்காக எப்படிப் போராடினான்னு சொன்னேன். பைய நெஞ்சோட அணைச்சதச் சொன்னேன். தம்பிகூடத்தான் போவேன்னு நின்னதச் சொன்னேன். அவன் சொன்னத ஒரு எழுத்து மாறாம நான் இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்னேன்னு சொன்னேன். பொண்ணு வீட்டுக்காரங்க கண்ணத் தொடைச்சாங்க. ஊரே கைதட்டுச்சு. அவன் பொண்ணக் கூட்டிட்டு வந்து என் கால்ல விழுந்தான். நான் காலை இழுத்துக்கிட்டேன், கூச்சம்னு நினைச்சிக்கிட்டாங்க.

முத வரிசையில எனக்கு எதிர அந்தம்மா உக்காந்திருந்தாங்க. கைதட்டல. அழல. நான் பேசி முடிக்கிறவரைக்கும் என் முகத்த விட்டுக் கண்ண எடுக்கல. முடிச்சதும், சரிங்கத மாதிரி லேசாத் தலைய ஆட்டிட்டு, பந்தி பாக்க எந்திரிச்சுப் போனாங்க.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவங்கதான் வந்து விட்டாங்க. இசக்கிராஜ் வாரேன்னான், புது மாப்பிள்ள நீ நில்லு, நான் ஐயாவ ஏத்திவிட்டுட்டு வாரேன்னுட்டாங்க. பஸ் வந்ததும்தான் சொன்னாங்க, “ஆடிக்கு வந்துருங்க. வருசா வருசம் வரணும். நீங்க வரலன்னா அவன் ஏன்னு கேப்பான்.” பெறகு, “உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க”ன்னாங்க.

வடிவு இப்ப வாசல்லதான் நிப்பா. சொல்லிட்டீங்களான்னு கேப்பா. சொல்லிட்டேன்னு சொன்னா அது உண்மை. சொல்லலைன்னு சொன்னாலும் உண்மை. அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு அடுத்தாப்புல கேப்பா. உன்னையும் வரச் சொன்னாங்கன்னு சொல்லித்தான ஆகணும்? அவ வருவா சார். முட்டி வலியோட, ரெண்டு பஸ் மாறி, வந்து அந்தம்மா பக்கத்துல உக்காந்துருவா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. என்னயவே பாத்துக்கிட்டு இருப்பாங்க. இசக்கிராஜ் வந்து, ஐயா, அன்னைக்கு நடந்தத இன்னொரு தடவ சொல்லுங்கய்யாம்பான்.

நான் சொல்லணும்.